கேம் உலகத்தின் விளிம்பு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களும் பதில்களும்

மேப்பின் ஓரத்தைத் தேடுவது, சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, டெவலப்பர்கள் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பது பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் எழுதியுள்ளோம். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

மேப்புக்கு வெளியே போறதுன்னா என்ன? அது சீட்டிங் தானே?

ஒவ்வொரு கேமிலும் நீங்கள் நடமாடலாம் என்று டெவலப்பர் நினைத்த பகுதி ஒன்று உண்டு. அதைத் தாண்டி, நடமாடுவதற்காகச் செய்யப்படாத இடத்துக்குப் போவதைத்தான் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பின்பக்கம் இல்லாத மலை, காலை வைத்தால் உள்ளே விழும் தரை, எப்போதோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்த பொருள் என்று சில மிச்சங்கள் கிடக்கும். நாடக மேடையின் பின்னால் போய்ப் பார்ப்பதைப் போல.

தனியாக ஆடும் கேமில் இது யாரையும் ஏமாற்றுவதாகாது. இன்னொருவரோடு போட்டி போடும் ஆன்லைன் கேமில் கதை வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எல்லைன்னா எப்பவும் கண்ணுக்குத் தெரியாத சுவர் தானா?

இல்லை, பல வழிகள் உண்டு. கடல், செங்குத்து மலை, பூட்டிய கதவு ஆகியவை உலகத்தோடு ஒட்டிய எல்லைகள். ஸ்கைரிம் (2011) மாதிரி சில கேம்கள் திரையில் ஒரு வரி எழுதி நிறுத்திவிடும். பேட்டில்ஃபீல்டு வகை கேம்கள் போர்க்களத்துக்குத் திரும்பச் சொல்லி சில நொடிகள் எண்ணும், திரும்பாவிட்டால் கொன்றுவிடும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஆழ்கடலில் நீந்திப் போனால் ‘களைப்பு’ப் பட்டை குறைந்துகொண்டே வந்து உயிரை வாங்கும். ஜிடிஏ 5-ல் கடலில் ரொம்ப தூரம் போனால் வண்டியின் எஞ்சின் நின்றுவிடும், அதன்பிறகு சுறா வரும்.

எல்லையே தெரியாத எல்லையும் ஒன்று உண்டு: சுற்றிவரும் உலகம். ஆஸ்டராய்ட்ஸ் (1979) கேமில் திரையின் வலது ஓரத்தில் போனால் இடது ஓரத்தில் வருவீர்கள். ஃபைனல் ஃபேன்டசி (1987) உலக வரைபடமும் அப்படித்தான். இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. வடக்கே போனால் தெற்கிலிருந்து வருகிறோம். உருண்டையான பூமியில் இது நடக்காது. வட துருவத்தைத் தாண்டினால் மறுபக்கம் தெற்கு நோக்கி இறங்குவோமே தவிர தென் துருவத்தில் முளைக்க மாட்டோம். அந்த உலகத்தின் வடிவம் பந்து அல்ல, மெதுவடை.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?

முதலில் சேவ் கோப்பின் நகல். மைன்கிராஃப்டின் கம்ப்யூட்டருக்கான ஜாவா பதிப்பில் டாட் மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் ‘சேவ்ஸ்’ என்று இருக்கும். உங்கள் உலகத்தின் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் காப்பி செய்யுங்கள். மற்ற கேம்களில் புதிய சேவ் ஒன்றைத் தனியாகப் போட்டு, அதில் மட்டும் சோதியுங்கள். ஆட்டோசேவை அணைத்துவிடுவது நல்லது. தரைக்குக் கீழே விழுந்துகொண்டிருக்கும்போது ஆட்டோசேவ் ஆகிவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விழுந்துகொண்டே இருப்பீர்கள்.

அடுத்து, நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணைத் திரையில் காட்டும் வழி. மைன்கிராஃப்ட் ஜாவாவில் எஃப்3 அழுத்தினால் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் தெரியும் (ஒய் உயரம், மற்ற இரண்டும் தரையின் திசைகள்). இந்த எண்கள் இல்லாமல் விளிம்பைத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

மைன்கிராஃப்ட் உலகத்துக்கு முடிவே கிடையாதாமே?

உண்டு. ஜாவா பதிப்பில் நடுவிலிருந்து நான்கு பக்கமும் 29,999,984 பிளாக் (அந்த உலகம் கட்டப்பட்ட கனசதுரத் துண்டு) தூரத்தில் நீல நிறத்தில் அலையும் ஒரு சுவர் நிற்கிறது. 2014-ல் வந்த 1.8 பதிப்பில் சேர்த்தார்கள். அதாவது ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை கிட்டத்தட்ட 6 கோடி பிளாக். ஒரு பிளாக்கை ஒரு மீட்டர் என்று வைத்தால் 60,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவைவிட அதிகம். மேலும் கீழும் ரொம்பக் குறைவு: 1.18 பதிப்பிலிருந்து தரை உலகம் ஒய் -64 முதல் 320 வரைதான்.

சீட் கட்டளைகளை அனுமதித்த உலகமாக இருந்தால் சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு ‘டிபி’ கட்டளையோடு எக்ஸ் 29999900, ஒய் 150, இசட் 0 என்று கொடுத்தால் சுவர் பக்கத்திலேயே போய் இறங்கலாம். பறக்க விடும் கிரியேட்டிவ் மோடில் போங்கள், இல்லாவிட்டால் கீழே விழுந்து சாவீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சுவரையே உங்களிடம் வரவைக்கலாம். ‘வேர்ல்டுபார்டர் செட் 200’ என்று அடித்தால் 200 பிளாக் அகலச் சதுரமாகச் சுருங்கிவிடும். சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்டால் முதல் 5 பிளாக் வரை ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டிய ஒவ்வொரு பிளாக்குக்கும் நொடிக்கு 0.2 வீதம் சேதம் ஏறும். சுவர் சிவப்பாக இருந்தால் சுருங்கிக்கொண்டிருக்கிறது, பச்சையாக இருந்தால் விரிகிறது.

ஃபார் லேண்ட்ஸ்னு சொல்றாங்களே, அது இதுதானா?

இல்லை. அது அந்தச் சுவர் வருவதற்கு முந்தைய கதை. ஜாவாவின் ஆரம்பகாலச் சோதனைப் பதிப்பான பீட்டா 1.7.3 வரை, நடுவிலிருந்து 12,550,821-வது பிளாக்கை ஒட்டி நிலம் திடீரென்று பைத்தியம் பிடித்ததுபோல் மாறும். வானம் வரைக்கும் எழுந்து நிற்கும் சுவர், அதில் பஞ்சைத் துளைத்ததுபோல் நீண்ட சுரங்கங்கள். எக்ஸ் திசையிலும் இசட் திசையிலும் ஒரே நேரத்தில் அந்தத் தூரத்தை எட்டும் மூலைகளில் நிலம் அடுக்கடுக்காக, தோசைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் கிடக்கும். யாரும் வடிவமைத்ததில்லை. கணக்குப் பிசகியதால் தானாக வந்தது.

அந்தப் பிசகு இதுதான். நிலத்தின் மேடு பள்ளத்தை ‘பெர்லின் நாய்ஸ்’ என்ற கணக்கு உண்டாக்குகிறது. அதற்குள் போகும்போது உங்கள் பிளாக் எண் 171.103 ஆல் பெருக்கப்படுகிறது. வரும் விடையின் முழு எண் பகுதியை 32 பிட் இடத்தில் வைக்கிறார்கள். அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இதை 171.103 ஆல் வகுத்துப் பாருங்கள்: 12,550,824. மாதிரியை 4 பிளாக்குக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள் என்பதால் சுவர் மூன்று நான்கு பிளாக் முன்பே தொடங்கிவிடுகிறது.

எண் நிரம்பி வழிந்து எதிர்மறைக்குச் சுற்றிவிடுகிறது என்று பலர் எழுதுவார்கள். ஜாவாவில் அப்படி ஆவதில்லை. தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும்போது உச்சத்திலேயே நிறுத்திவிடும். முழு எண் பகுதி அங்கேயே உறைந்துவிட, 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்க வேண்டிய பின்னப் பகுதி மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பின்னத்தை ஐந்தாம் அடுக்குவரை உயர்த்தும் சூத்திரத்தில் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஃபார் லேண்ட்ஸ். 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8-ல், எண்ணை 16,777,216 ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுக்கும்படி மாற்றினார்கள். சுவர் காணாமல் போயிற்று.

நடந்தே போனா எத்தனை நாள் ஆகும்?

மைன்கிராஃப்டில் நடை வேகம் நொடிக்கு 4.317 பிளாக். 12,550,821-ஐ வகுத்தால் ஏறக்குறைய 29 லட்சம் நொடி, அதாவது 807 மணி நேரம். சாப்பாடு தூக்கம் இல்லாமல் 33 நாளுக்கு மேல். மலை, கடல், இரவில் ஒளிந்துகொள்வது எல்லாம் சேர்த்தால் பல மடங்கு. அமெரிக்க யூடியூபர் கர்ட் ஜே. மேக் 2011 மார்ச்சில் இந்த நடையைத் தொடங்கி, பிறகு பீட்டா 1.7.3-லேயே நின்று, குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு நிதி திரட்டிக்கொண்டே வருடக்கணக்கில் தொடர்ந்தார்.

இன்றைய பதிப்பின் நீலச் சுவருக்கு நடந்தால் 80 நாள். குறுக்குவழி நெதர் என்ற பாதாள உலகம். அங்கே ஒரு அடி வெளியுலகில் எட்டு அடி, ஆக 37.5 லட்சம் பிளாக் நடந்தால் போதும், பத்து நாள்தான். ஆனால் அங்கே எரிமலைக் குழம்புக் கடல்களுக்கு மேல் பாலம் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

நடக்காம ஃபார் லேண்ட்ஸை இன்னைக்குப் பார்க்க முடியுமா?

முடியும். காசு கொடுத்து வாங்கிய ஜாவா பதிப்பும் மைன்கிராஃப்ட் லாஞ்சரும் இருந்தால் போதும். லாஞ்சரின் செட்டிங்ஸில் பழைய வரலாற்றுப் பதிப்புகளைக் காட்டும் தேர்வை முதலில் இயக்குங்கள். பிறகு இன்ஸ்டலேஷன்ஸ் பக்கத்தில் புதியது ஒன்றை உருவாக்கி, பதிப்புப் பட்டியலில் ‘பி1.7.3’ தேர்ந்தெடுங்கள். கேம் டைரக்டரி என்ற இடத்தில் கட்டாயம் தனி ஃபோல்டர் கொடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு “என் உலகம் போச்சு” என்று வருகிறார்கள். புதிய பதிப்பில் கட்டிய உலகத்தைப் பழைய பதிப்பில் திறந்தால் கெட்டுவிடும்.

பீட்டாவில் தனி ஆட்டத்துக்கு ‘டிபி’ கட்டளை கிடையாது. எனவே உலகம் ஒன்றை உருவாக்கி, சேவ் செய்து வெளியே வந்து, கேமை மூடுங்கள். அந்த உலக ஃபோல்டரில் இருக்கும் ‘லெவல் டாட் டேட்’ கோப்பை ‘என்பிடி எக்ஸ்ப்ளோரர்’ என்ற இலவசக் கருவியில் திறந்து டேட்டா, அதற்குள் பிளேயர், அதற்குள் ‘போஸ்’ என்று போங்கள். மூன்று எண்கள் இருக்கும். முதலாவதை 12550780 என்றும் இரண்டாவதை 125 என்றும் மாற்றுங்கள், மூன்றாவதைத் தொட வேண்டாம். அதே பிளேயர் பகுதியில் ‘ஃபால் டிஸ்டன்ஸ்’ என்ற எண்ணை -100 ஆக்கிவிடுங்கள். விழுந்த தூரத்தைக் கேம் அந்த எண்ணோடுதான் கூட்டிக்கொண்டே வரும், மைனஸில் தொடங்கினால் தரையில் மோதும்போது சேதம் இருக்காது. சேவ் செய்து கேமைத் திறந்தால் சுவருக்கு 40 பிளாக் முன்னால் விழுவீர்கள்.

சுவரை நெருங்கியதும் கேம் திணறும். பார்வைத் தூரத்தை ‘ஷார்ட்’ அல்லது ‘டைனி’க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். செத்தால் 0, 0 பக்கம் போய்விடுவீர்கள், மறுபடி கோப்பைத் திருத்த வேண்டும். மாற்றிய ‘லெவல் டாட் டேட்’டுக்கு ஒரு நகல் வைத்திருந்தால் அந்த வேலை மிச்சம்.

தூரமாப் போகப் போக படம் நடுங்குதே, கிராஃபிக்ஸ் கார்டு கோளாறா?

கார்டு மேல் பழியில்லை. பெரும்பாலான கேம்கள் இடத்தை 32 பிட் தசம எண்ணில் கணக்கிடுகின்றன. அதில் துல்லியத்துக்கு 24 பிட்தான் உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி விரியும். 65,536-ல் இடைவெளி 1/128. 1,048,576-ல் எட்டில் ஒரு பங்கு. 8,388,608-ல் முழுசாக 1. 16,777,216-ல் 2. ஒரு பிளாக்கின் நடுவில் நிற்க நினைத்தாலும் அந்த இடத்துக்கு எண்ணே இல்லை என்றால் கேம் உங்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். அந்தத் தள்ளாட்டம்தான் நடுக்கம்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆடியவர்கள் இதை ‘கிராக்கன்’ என்ற பெயரில் அறிவார்கள். ராக்கெட் வெகுதூரம் போனதும் காரணமில்லாமல் துண்டுதுண்டாகச் சிதறும். அதற்கான மருந்து எளிமையானது: ராக்கெட்டை நகர்த்தாமல் அதை எப்போதும் 0, 0-வில் வைத்துவிட்டு உலகத்தை எதிர்ப்பக்கம் நகர்த்துவது. அவுட்டர் வைல்ட்ஸ் கேமும் இப்படித்தான். நீங்கள் பறப்பதாக நினைக்கிறீர்கள், உண்மையில் சூரியக் குடும்பமே உங்களைச் சுற்றி நகர்கிறது.

நான் ஃபோன்ல ஆடுறேன். அதுல நீங்க சொல்றது எதுவும் வரலையே?

ஃபோனில் இருப்பது பெட்ராக் பதிப்பு. பெயர் ஒன்றுதான், உள்ளே எழுதிய நிரல் வேறு. ஜாவா பதிப்பு ஆளின் இடத்தை 64 பிட் எண்ணில் வைக்கிறது, பெட்ராக் 32 பிட்டில் வைக்கிறது. ஆகவே மேலே சொன்ன இடைவெளி இங்கே நேரடியாக அடிக்கும். சில லட்சங்களிலேயே நடை வெட்டிவெட்டிப் போகும். 16,777,216-ஐத் தாண்டினால் நிலம் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாகத் தெரியும், நிற்க முடியாமல் ஊடே விழுவீர்கள். இதை ‘ஸ்ட்ரைப் லேண்ட்ஸ்’ என்கிறார்கள். தரையைப் பட்டையாக்கியது யாரும் அல்ல, மேலே சொன்ன அந்த 2 என்ற இடைவெளிதான்.

ஹாஃப்-லைஃப் 2-ல நோகிளிப் போட்டு வெளிய போனா, பார்த்ததெல்லாம் திரையில அப்பிக்கிட்டே போகுது. ஏன்?

அதற்கு ‘கண்ணாடி மண்டபம்’ என்று பெயர். திரையில் அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படத்திலும் (ஃபிரேம்) திரை முழுவதும் சுவரோ வானமோ நிரம்பிவிடும் என்ற நம்பிக்கையில் பழைய படத்தை கேம் அழிப்பதில்லை, அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது. நீங்கள் வெளியே வந்து வெறுமையைப் பார்த்தால் அங்கே வரைய ஒன்றுமில்லை, ஆகவே போன ஃபிரேமின் படம் அப்படியே தங்கிவிடுகிறது. சுவர்களின் பின்பக்கம் காணாமல் போவதும் இதே சிக்கனம்தான். யாரும் பார்க்காத முகத்துக்கு எதற்கு வர்ணம்?

சுவரை ஊடுருவிப் பறக்கவைக்கும் நோகிளிப் தெரியாதவர்களுக்கு வழி: செட்டிங்ஸில் டெவலப்பர் கன்சோலை இயக்கி, எண் 1-க்கு இடப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘எஸ்வி அடிக்கோடு சீட்ஸ் 1’ அடித்து என்டர், பிறகு ‘நோகிளிப்’ அடித்து என்டர். வெளியே போனதும் தேடவேண்டியது ஒன்று உண்டு: தூரத்து மலை, கோபுரம் எல்லாம் பொம்மை அளவில் நிற்கும் ஒரு சின்ன அறை. இந்தக் கேம் ஓடும் சோர்ஸ் எஞ்சினில் தூரக் காட்சியை 16-ல் ஒரு பங்கு அளவில் மேப்பின் வேறொரு மூலையில் கட்டிவிட்டு, அதைப் பெரிதாக்கி வானத்தில் ஒட்டுவார்கள். அந்த எஞ்சினில் மேப் மொத்தமே 32,768 அலகு அகலம்தான், உண்மை அளவில் மலை கட்ட இடம் போதாது.

ஸ்கைரிம்ல “அந்தப் பக்கம் போக முடியாது”ன்னு நிறுத்துதே, தாண்ட வழி இருக்கா?

கம்ப்யூட்டர் பதிப்பில் உண்டு. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் மை கேம்ஸுக்குள் இருக்கும் ‘ஸ்கைரிம் ஐஎன்ஐ’ கோப்பைத் திறந்து, ஜெனரல் என்ற தலைப்பின் கீழ் ‘பி பார்டர் ரீஜன்ஸ் எனேபிள்டு’ என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக அடித்து சமக்குறி 0 போடுங்கள். அந்த வரி ஏற்கனவே இல்லை என்றால் நீங்களே சேர்க்க வேண்டும். தலைப்புக்கு வெளியே எழுதினால் வேலை செய்யாது. பாதிப் பேர் தவறுவது இங்கேதான். எல்லைக்கு வெளியே கொஞ்ச தூரம் காலுக்குத் தரை இருக்கும், பிறகு தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்று போட்ட மங்கலான நிலம் மட்டும். அதில் கால் நிற்காது. கன்சோலில் ‘டிசிஎல்’ அடித்துப் பறந்து போங்கள்.

வெளியே போகாமலே ஒரு ரகசியம் வேண்டுமா? டான்ஸ்டார் ஊரில் அயர்ன்-பிரேக்கர் சுரங்க வாசலுக்குப் பக்கத்துப் பாறைகளின் ஓரத்தில் குனிந்து தரையைத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று திறக்கும். அது ஊரூராகப் போகும் கஜீட் வணிகரின் சரக்கு. ஸ்கைரிமில் வணிகர்கள் விற்கும் பொருள் எல்லாம் உண்மையிலேயே ஒரு பெட்டியில் இருந்தாக வேண்டும், அந்தப் பெட்டிகளைத் தரைக்குக் கீழே புதைத்துவைப்பார்கள். இது கை எட்டும் ஆழத்தில் புதைக்கப்பட்டுவிட்டது.

சான் ஆண்ட்ரியாஸ்ல வானத்துல வீடு மிதக்குதுன்னு ஃப்ரெண்டு சொல்றான். கதைதானே?

உண்மை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் (2004) கடை, ஜிம், வீடு ஆகியவற்றின் உள்பக்கம் நீங்கள் நுழையும் கட்டடத்துக்குள் இல்லை. தரைக்கு 1,000 அலகு உயரத்தில் வானத்தில் தொங்குகிறது. மஞ்சள் குறிக்குள் கால் வைத்ததும் திரை கறுத்து உங்களை அங்கே தூக்கிவைக்கிறது. ஒவ்வொரு உள்ளறைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் இயங்கும்போது மட்டும் அது தெரியும், அதனால்தான் விமானத்தில் அந்த உயரத்துக்குப் போனாலும் கண்ணில் படாது.

பார்க்க வேண்டுமென்றால் கான்டன் ஜிம்முக்குள் போய் ‘ராக்கெட்மேன்’ என்று அடியுங்கள். ஜெட்பேக் வரும். கூரையில் முட்டி முட்டிப் பாருங்கள். யாரும் எட்ட மாட்டார்கள் என்று சில இடங்களில் தடுப்பே வைக்கவில்லை. வெளியே வந்தால் கூரையில்லாத அறைகள் இருட்டில் மிதப்பது தெரியும். கீழே விழுந்தால் பயம் வேண்டாம். -100 உயரத்துக்குக் கீழே போனவரை கேம் பக்கத்துச் சாலையில் தூக்கிவைத்துவிடும். சீட் போட்ட ஆட்டத்தை மட்டும் சேவ் செய்யாதீர்கள்.

அப்ப பிக்ஃபுட்டும் உண்மையா? பேய்க் காரும் நானே பார்த்திருக்கேன்!

பேய்க் கார் உண்மை, பேய்தான் இல்லை. பேக் ஓ பியாண்ட் காட்டில் அடிபட்ட கிளென்டேல் கார்கள் சரிவான தரையில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. நீங்கள் நெருங்கியதும் கார் உருவாகிறது, சரிவில் உருளத் தொடங்குகிறது. பிக்ஃபுட் என்ற குரங்கு மனிதன் இல்லை. கேம் கோப்புகளைப் பிரித்து எல்லா மாடல்களையும் பார்த்தாயிற்று, அப்படி ஓர் உருவமே கிடையாது. வீடியோவில் வருவது ஆடுபவர்கள் பின்னால் சேர்த்த மாற்றம் (மோட்).

எந்தக் கதையையும் இப்படியே சோதிக்கலாம். மோட் எதுவும் இல்லாத புதிய இன்ஸ்டலேஷனில், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், இன்னொருவருக்கும் தெரிகிறதா? ஜிடிஏ 5-ல் மவுன்ட் கோர்டோ உச்சிப் பாறையில் இரவு 11 முதல் 12 வரை தெரியும் பெண் பேய் இதில் தேறியது. யார் போனாலும் தெரியும். நெருங்கினால் மறையும், ஆகவே தூரத்திலிருந்து துப்பாக்கியின் ஸ்கோப் வழியாகப் பாருங்கள். டெவலப்பரே ஒளித்துவைத்த ரகசியம் (ஈஸ்டர் எக்) அது. சான் ஆண்ட்ரியாஸ் கான்ட் பாலத்தின் உச்சியில் “இங்கே ஈஸ்டர் எக் எதுவும் இல்லை, போய்விடு” என்று எழுதிய பலகையும் அப்படித்தான்.

மரியோவோட மைனஸ் உலகம் என் கேசட்ல வரமாட்டேங்குது. எங்க தப்பு?

சூப்பர் மரியோ பிரதர்ஸ் (1985) அசலில் மட்டும்தான் வரும். 1993-ன் ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் அடைத்துவிட்டார்கள். 1-2 கட்டத்தின் கடைசிக் குழாய்க்கு மேலே உள்ள செங்கல்களில் சுவரை ஒட்டிய ஒன்றை விட்டுவிட்டு அடுத்த இரண்டை உடையுங்கள். இதற்குப் பெரிய மரியோ வேண்டும். குழாயின் இடது ஓரத்தில் இடப்பக்கம் பார்த்து நின்று, குனிந்தபடியே குதித்து, காற்றில் வலப்பக்கம் அழுத்துங்கள். சரியாக விழுந்தால் சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போவீர்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதற்கடுத்த இடத்தில்: திரை நகர்ந்து ‘வார்ப் ஸோன்’ வரவேற்பு எழுத்து தெரிவதற்கு முன்பே முதல் குழாயில் இறங்கிவிட வேண்டும்.

எழுத்து வரும்போதுதான் குழாய்களுக்குச் சரியான எண் ஏறுகிறது. அதற்கு முன் இறங்கினால் கேம் உங்களை 36-வது உலகத்துக்கு அனுப்பும். 36-வது எழுத்து வெற்றிடம், அதனால் திரையில் “ -1” என்று தெரிகிறது. மைனஸ் ஒன்றும் இல்லை, இடைக்கோடுதான். உள்ளே முடிவில்லாத தண்ணீர்க் கட்டம், கடைசிக் குழாய் ஆரம்பத்துக்கே கொண்டுவிடும். நடுக்குழாயில் இறங்கியவர்கள் 5-1-க்குப் போய்விட்டு ஏமாந்தோம் என்பார்கள், அது சரியான விடைதான்.

மரியோ 64-ல “இணை உலகங்கள்” இருக்காமே? எனக்குப் புரியவே இல்லை.

மேலே நடுக்கத்தைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள், இங்கே வேறு வகைப் பிசகு. சூப்பர் மரியோ 64-ல் (1996) மரியோவின் இடம் தசம எண்ணில் இருக்கிறது. காலடியில் தரை இருக்கிறதா என்று பார்க்கும்போது மட்டும் அதை 16 பிட் முழு எண்ணாக வெட்டுகிறார்கள். 16 பிட்டில் 65,536 எண்கள்தான். மரியோ 65,536 அலகு தள்ளி வெறுமையில் நின்றாலும், வெட்டியபின் வரும் எண் பழைய இடத்தின் எண்ணே. ஆகவே தரை இருப்பதாகக் கேம் நம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத, ஆனால் நிற்கக்கூடிய நகல் உலகம்.

அங்கே நடந்து போக முடியாது, நடுவில் தரை இல்லை. இந்தக் கேமில் தரை இல்லாத இடம் என்றால் அதுவே சுவர், அடி எடுத்துவைக்க விடாது. ஒரே தாவலில் தாண்ட வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமின் நகர்வையும் நான்காகப் பிரித்துச் சோதிக்கிறார்கள், நான்கிலும் தரை கிடைக்க வேண்டும். எனவே ஒரு ஃபிரேமுக்கு 4 × 65,536 = 262,144 அலகு வேகம் தேவை. பனென்கோக் என்ற யூடியூபர் ஒரு நட்சத்திரத்துக்காக மரியோவை 12 மணி நேரம் ஒரே இடத்தில் வேகம் சேர்க்கவைத்தது இதற்காகத்தான்.

ஆன்லைன்ல இதையெல்லாம் செஞ்சா தடை போடுவாங்களா?

போடுவார்கள். சுவருக்குள் ஒளிந்து சுட்டால் எதிரில் இருப்பவர் ஆட்டம் கெடுகிறது, பல கேம்களின் விதிகளிலேயே அது குற்றம். சோர்ஸ் கேம்களில் சீட் அனுமதியை சர்வர்தான் முடிவு செய்கிறது, ஆகவே பொதுச் சர்வரில் நோகிளிப் வேலையே செய்யாது. அதை மீறவைக்கும் வெளி நிரலைப் போட்டால் வால்வ் நிறுவனத்தின் சீட் தடுப்பு அமைப்பான விஏசி பிடிக்கும், அந்தத் தடை நீங்காது. ஜிடிஏ ஆன்லைனுக்கு மோட் கோப்புகளோடு போகவே போகாதீர்கள்.

எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாங்க. புதுசா ஏதாவது மிச்சம் இருக்கா?

அட்டாரியின் ஸ்டார்ஷிப் 1 என்ற ஆர்கேட் இயந்திரம் 1977-ல் வந்தது. கட்டுப்பாடுகளைக் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் “ஹாய் ரான்!” என்று அதைச் செய்த ரான் மில்னரின் பெயரைக் காட்டி, 10 ஆட்டம் இலவசமாகத் தரும். இது வெளியே தெரிந்தது 2017-ல். அதுவரை, 1980-ல் வந்த அட்வென்ச்சர் கேமில் ஒரு சாம்பல் புள்ளியைத் தூக்கிப்போனால் தெரியும் வாரன் ராபினெட்டின் பெயரைத்தான் முதல் ஈஸ்டர் எக் என்று பலரும் சொல்லிவந்தார்கள்.

நீங்கள் ஏதாவது கண்டால் கேமின் பதிப்பு எண், எந்த இயந்திரம், நின்ற இடத்தின் எண்கள், அதற்கு முந்தைய ஒரு நிமிடம் என்ன செய்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். வீடியோ எடுப்பதென்றால் சம்பவம் நடந்த நொடியை மட்டும் வெட்டாமல் முழுதாக வையுங்கள். சேவ் கோப்பின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் மற்றவர் அதே இடத்திலிருந்து தொடங்கி, உங்களுக்கு வந்தது அவருக்கும் வருகிறதா என்று பார்க்கலாம்.